கேமில் வரும் போர் விமானத்தின் ஏவுகணைகள் நிஜமா? கண்டுபிடிப்பது எப்படி?

காரைக்காலில் இருந்து மேற்கே நூறு கிலோமீட்டருக்குள் இருக்கிறது தஞ்சாவூர் விமானப்படைத் தளம். பிரம்மோஸ் ஏவுகணை ஏந்தும் சுகோய்-30 எம்.கே.ஐ விமானங்களுக்காக 222-வது படைப்பிரிவு 2020 ஜனவரி 20-ல் அங்கு சேர்க்கப்பட்டது. சுகோய், மிக்-21 ரக விமானங்களை இப்போது கம்ப்யூட்டர் கேமில் யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். ஆனா, கேமில் இறக்கைக்குக் கீழே தொங்கும் ஏவுகணைகள் எல்லாம் நிஜப் போரில் இருந்தவைதானா?

இதைத் தெரிந்துகொள்வது வெறும் பொழுதுபோக்கு இல்லை. கேம் காட்சிகளைப் போர் வீடியோ என்று பரப்புவது இப்போது வழக்கமாகிவிட்டது.

*1971-ல் மிக்-21 எதைச் சுமந்தது?*

1971 போரில் இந்தியா பயன்படுத்தியது மிக்-21 எஃப்.எல். இதில் உள்ளேயே பொருத்தப்பட்ட பீரங்கி கிடையாது. இறக்கைகளில் இரண்டு கே-13 ஏவுகணைகள், வயிற்றுப் பகுதியில் 23 மி.மீ பீரங்கி அடங்கிய ஒரு தனிப் பெட்டி.

கே-13 வெப்பத்தைத் தேடிப் போகும் ஏவுகணை. எதிரி விமானத்தின் பின்பக்கம் போய்தான் சுட முடியும். எதிரி வளைந்து திரும்பினால் குறி தப்பும். அதனால் அந்தப் போரில் பீரங்கிக்கு வேலை அதிகம். 1971 டிசம்பர் 12-ல் கட்ச் வளைகுடா மேலே பாகிஸ்தானின் எஃப்-104 விமானத்தை விமானி பி.பி.சோனி வீழ்த்தியது பீரங்கியால்தான்.

இப்போது கேமுக்கு வருவோம். 1971 போர் என்று சொல்லும் ஒரு மிஷனில் மிக்-21 விமானம் ஆர்-60 ஏவுகணையோடு வந்தால் அது தப்பு. சோவியத் படையிலேயே ஆர்-60 சேர்ந்தது 1970-களின் நடுப்பகுதியில். ஆர்-73 வந்தது 1980-களில்.

*ஒரே பெயர், வேற வேற விமானம்*

பலரும் குழம்புவது இங்கேதான். மிக்-21 என்பது ஒரே விமானம் இல்லை. எஃப்.எல், பிஸ், பைசன் என ஒவ்வொரு ரகத்துக்கும் ரேடார் வேற, ஏவுகணை வேற. 2019 பிப்ரவரி 27-ல் அபிநந்தன் வர்த்தமான் ஓட்டியது பைசன். புது ரேடாரோடு மேம்படுத்தப்பட்டதால்தான் அது ஆர்-73, ஆர்-77 இரண்டையும் ஏந்த முடிந்தது. 2025 செப்டம்பர் 26-ல் மிக்-21 மொத்தமாக விடைபெற்றது.

அதே 2019 மோதலை வைத்து உருவாக்கிய கேம் மிஷனில் சுகோய் விமானம் அஸ்திரா ஏவுகணை ஏவினால்? அதுவும் தப்பு. அப்போது அஸ்திரா இன்னும் சோதனைக் கட்டத்தில் இருந்தது. விமானப்படை, கடற்படைக்காக அதை வாங்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது 2022 மே 31-ல்.

*பிரம்மோஸ் எத்தனை மாட்டலாம்?*

சுகோய்-30-ல் ஆயுதம் மாட்டும் இடங்கள் 12. அதற்காக 12 பிரம்மோஸ் மாட்ட முடியாது. விமானத்துக்கான பிரம்மோஸ் ஒன்றின் எடை சுமார் 2.5 டன். அதனால் வயிற்றுப் பகுதியின் நடுவில் ஒன்றே ஒன்று. 2017 நவம்பர் 22-ல் நடந்த முதல் சோதனையிலும் இப்படித்தான் ஏவினார்கள். இறக்கைக்கு ஒன்றாகத் தொங்கவிட்ட படம் வந்தால் சந்தேகப்படுங்கள்.

*கேம்கள் ஏன் மாற்றுகின்றன?*

'ஏஸ் காம்பாட்' போன்ற கேம்களில் ஒரே விமானம் டஜன் கணக்கில் ஏவுகணை விடும். விறுவிறுப்புதான் அங்கே முக்கியம். 'வார் தண்டர்' கேமில் விமானங்கள் மோதுவது ஆண்டுக் கணக்கில் இல்லை, பலத்துக்குத் தரப்படும் மதிப்பெண் கணக்கில். 'டிசிஎஸ்' கேம் நிஜத்துக்கு மிக நெருக்கமானது. ஆனா அதிலும் எந்த ஏவுகணை இருக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் மிஷன் உருவாக்குபவரே தீர்மானிக்கிறார்.

இன்னொரு காரணம் ரகசியம். புது ஏவுகணைகளின் உண்மையான திறன் வெளியே தெரியாது. வாக்குவாதத்தில் ஜெயிக்க, வார் தண்டர் ஆட்டக்காரர்கள் ராணுவ ஆவணங்களையே பதிவிட்ட சம்பவங்கள் வெளிநாடுகளில் பலமுறை நடந்துள்ளன. இங்கே அப்படிச் செய்தால் 1923-ம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம் பாயும்.

*ஏவுகணையே சாட்சியான கதை*

2019 பிப்ரவரி 28-ல் முப்படை அதிகாரிகள் செய்தியாளர்களிடம் ஒரு அம்ராம் ஏவுகணையின் உடைந்த பாகத்தைக் காட்டினார்கள். பாகிஸ்தானிடம் அதை ஏந்தக்கூடிய விமானம் எஃப்-16 மட்டுமே, எனவே எஃப்-16 பயன்படுத்தப்பட்டது உறுதி என்பது இந்தியாவின் வாதம். எந்த விமானம் எதைச் சுமக்கும் என்ற தகவலுக்கு இருக்கும் மதிப்பு இதுதான்.

*வீடியோ வந்தால் என்ன பார்க்கணும்?*

2022 நவம்பரில் 'ஆர்மா 3' கேம் நிறுவனமே, தங்கள் காட்சிகள் போர் வீடியோவாகப் பரவுவதாக எச்சரித்தது. 2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூர் சமயத்திலும் அப்படிப் பரவிய வீடியோக்களைப் பி.ஐ.பி உண்மை சரிபார்ப்புப் பிரிவு போலி என அறிவித்தது. அதனால் பகிர்வதற்கு முன்:

• சொல்லப்படும் தேதிக்கு முன்பே அந்த ஏவுகணை படையில் சேர்ந்துவிட்டதா?
• விமானத்தின் பெயர் மட்டும் போதாது, எந்த ரகம்?
• ஏவுகணை தொங்கும் இடமும் எண்ணிக்கையும் சரியா?
• ஏவியபின் இறக்கையில் இருக்கும் ஏவுகணை குறைகிறதா?

ஒன்றில் இடித்தாலும், ஃபார்வர்டு செய்யாமல் நிறுத்துங்கள். நாலும் சரியாக இருந்தாலும், வீடியோவை முதலில் யார் வெளியிட்டது என்று பார்த்துவிட்டு நம்புங்கள்.