பார்க்கப்படுகிறவளின் மூன்று விரல்கள்

கொடுங்கோல் முற்றிப்போன எதிர்காலத்தைச் சொல்லும் படங்களில், உயிர் பிழைக்கப் போராடுகிறவள் ஏன் அடிக்கடி பதினாறு பதினேழு வயதுப் பெண்ணாகவே இருக்கிறாள்? ‘பொம்பளைப் பிள்ளை கையில் வில்லைக் கொடுத்தால் டிக்கெட் விற்கும், அவ்வளவுதான்’ என்று சொல்லி நகர்ந்துவிடலாம். அது பாதி உண்மை. மீதிப் பாதியைத் தேட திரையரங்கை விட்டு வெளியே வர வேண்டியிருக்கிறது.

சுசான் காலின்ஸின் நாவல் 2008இல் வந்தது. கேரி ராஸ் இயக்கிய ‘த ஹங்கர் கேம்ஸ்’ படம் 2012இல். ஒரு சானலில் போட்டி நிகழ்ச்சி, இன்னொன்றில் இராக் போர். மாற்றி மாற்றிப் பார்த்ததில் ரெண்டும் ஒன்றாகக் கலந்துபோனதிலிருந்துதான் கதை பிறந்தது என்று காலின்ஸ் சொல்லியிருக்கிறார். பானெம் என்கிற நாட்டில் பன்னிரண்டு மாவட்டங்கள். ஒவ்வொன்றும் ஆண்டுதோறும் ஒரு பையனையும் ஒரு பெண்ணையும் தலைநகருக்குக் காவு கொடுக்க வேண்டும். 24 பேரில் ஒருவர் மிஞ்சும்வரை கொலை. அதை நாடே திரையில் பார்த்தாக வேண்டும்.

பழைய மன்னனின் தண்டனை மக்கள் பார்க்க நடந்தது. நவீன அதிகாரமோ மக்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்றார் பூக்கோ. பானெமில் இந்த இரண்டும் ஒன்றுசேர்கின்றன. கண்காணிப்பே அங்கே வேடிக்கை. இந்த இடத்தில்தான் பெண் வருகிறாள். பார்க்கப்படுவது அவளுக்குப் புதுசில்லை. எப்படி நிற்கணும், எப்போ சிரிக்கணும், யாரைக் காதலிப்பதுபோல் இருக்கணும் என்பதையெல்லாம் காட்னிஸுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். பார்ப்பவர்களுக்குப் பிடித்தால்தான் காயத்துக்கு மருந்து வரும். வில் வித்தை அவளுக்கு முன்னமே தெரியும்; களத்தில் அவள் கற்பது, தன்மேல் விழும் பார்வையைத் திருப்பிப் பிடிப்பது எப்படி என்பதை. ரூ என்ற சிறுமி செத்ததும் உடலைப் பூக்களால் மூடிவிட்டு, மூன்று விரல்களை உதட்டில் வைத்து, கேமராவை நோக்கி உயர்த்துகிறாள். நாவலில் அது நேசித்தவருக்குச் சொல்லும் நன்றி, விடை. படத்திலோ ரூவின் மாவட்டம் அதைத் திரையில் பார்த்துக் கலகத்தில் இறங்குகிறது.

சரி, இதையும் சந்தை விழுங்கத்தானே செய்தது? முதல் படம் உலகளவில் 69 கோடி டாலருக்குமேல் வசூலித்தது. 2013இல் இரண்டாம் படம் வந்தபோது, எந்தத் தலைநகரின் பகட்டைப் படம் கேலி செய்ததோ அதே தலைநகரின் பெயரில் ஒரு நிறுவனம் ஒப்பனைப் பொருள்கள் விற்றது. கலாச்சாரத் தொழில் பற்றி அடோர்னோ சொன்னதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேணுமா? கலகமும் ஒரு சரக்கு. கதை இதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

2014 மே 22இல் தாய்லாந்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. சில நாட்களிலேயே பாங்காக் தெருக்களில் மூன்று விரல்கள் எழுந்தன. கூட்டமாக விரல் தூக்குபவர்கள் சொல்லியும் இறக்காவிட்டால் கைது என்று ராணுவம் எச்சரித்தது. நவம்பரில் கோன் கேனில் ஐந்து மாணவர்கள் பிரதமர் பிரயுத் முன்னாலேயே விரலை உயர்த்தினார்கள், பிடித்துக்கொண்டு போனார்கள். அந்த வாரமே மூன்றாம் படம் வெளியானபோது பாங்காக்கில் ஒரு திரையரங்கு நிறுவனம் காட்சிகளை ரத்து செய்தது. யோசித்துப் பாருங்கள்: படம் தடை செய்யப்படவில்லை, விரலுக்குத்தான் பயம். 2020 ஆகஸ்டில் பள்ளிப் பிள்ளைகள் காலைக் கொடியேற்றத்தில் அதே விரல்களை உயர்த்தினார்கள். தலைமுடியின் நீளத்தைக்கூடப் பள்ளி அளந்து பார்த்த பெண்பிள்ளைகளுக்குப் பானெம் கற்பனை நாடு அல்ல.

2021 பிப்ரவரி 1இல் மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் மருத்துவமனை ஊழியர்கள் அந்த விரல்களை உயர்த்தினார்கள். யாங்கோனின் ஆயத்த ஆடை ஆலைகளிலிருந்து பெண் தொழிலாளிகள் முதல் வாரத்திலேயே தெருவுக்கு வந்தார்கள். மார்ச்சில் பெண்கள் தாங்கள் உடுத்தும் கைலிகளைத் தெருவுக்குக் குறுக்கே கொடிகட்டித் தொங்கவிட்டார்கள். அதன் கீழே நடந்தால் ஆண்மையின் சக்தி போய்விடும் என்பது அங்குள்ள நம்பிக்கை, சிப்பாய்கள் தயங்கினார்கள். எந்த ஹாலிவுட் திரைக்கதையிலும் இல்லாத ஆயுதம் இது. ஆணாதிக்கத்தின் தீட்டுக் கணக்கை எடுத்து ஆணாதிக்கத்தின் கழுத்திலேயே சுற்றியது.

ஆக, சந்தை ஒரு குறியை விற்கும். அதன் அர்த்தத்தைக் கடைசிவரை காவல் காக்க அதனால் முடியாது. அந்தப் பெண்ணின் ஈர்ப்பு அவளுடைய பலத்தில் இல்லை. கண்காணிப்புக்குள் வளர்கிற எவளும் எவனும் இரவல் வாங்கக்கூடிய ஒரு சைகையை அவள் செய்துகாட்டினாள். வில் ஒருத்தியிடம்தான் இருக்கும். விரல் எல்லோருக்கும் உண்டு.

ஆனால் ஓர் எச்சரிக்கை. கதையில் புரட்சித் தலைமையும் காட்னிஸைப் பிரச்சாரப் படமாக்குகிறது. 2015இல் வந்த நான்காம் படத்தில் அவள் தன் கடைசி அம்பை அந்தத் தலைமைமீதே எய்கிறாள். 2021 மார்ச் 3 அன்று மாண்டலேயில் 19 வயதுப் பெண் ஒருத்தி சுட்டுக் கொல்லப்பட்டாள். ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்று அவள் சட்டையில் எழுதியிருந்தது. அவள் படம் உலகமெங்கும் போனது. அவளை நாயகி என்று அழைக்க நமக்கும் கை துறுதுறுக்கிறது. அவளுக்கு அடுத்த பாகம் இல்லை என்பதை மறந்துவிட்டு எழுதினால், நாமும் பானெமின் பார்வையாளர்கள்தான்.