கொழுந்துக்குள் ஒரு மடுவம்

பச்சைக் கொழுந்தைச் சாக்கில் அமுக்கினால் சிவந்துவிடும். தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பள்ளிக்கூடம் விட்டு மடுவத்துக்கு ஓடிய ஒரு மாலை, நிறுப்பதற்கு முன் அம்மாவின் சாக்கை அவிழ்த்துக் கொட்டினார்கள். மேலே கிடந்த கொழுந்து பச்சையாகத்தான் இருந்தது. அடியில் கிடந்தது செம்பு நிறம். கையை விட்டுப் பார்த்தேன், வெதுவெதுவென்று சுட்டது. இரண்டு கிலோவைக் கழித்துக்கொண்டார்கள். அம்மா ஒன்றும் பேசவில்லை. அந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது என்ற கேள்விதான் பின்னாளில் என்னைத் தாவரவியல் பக்கம் இழுத்தது. இந்த மலருக்கு எழுதக் கேட்டபோதும் அதுவே முதலில் நினைவுக்கு வந்தது.

கொழுந்தின் ஒவ்வொரு கலமும் அறை அறையாகப் பிரிந்த வீடு. அதில் பெரிய அறை புன்வெற்றிடம். முதிர்ந்த தாவரக் கலமொன்றின் கொள்ளளவில் 90 வீதம் வரைகூட அது பிடித்துக்கொள்ளும். தேநீருக்குத் துவர்ப்பைத் தரும் கட்டெச்சின்கள் அங்கேதான் சேர்ந்து கிடக்கின்றன. அவற்றைச் சிவக்கவைக்கும் பொலிபீனோல் ஒட்சிடேசு என்ற நொதியம் இருப்பதோ பச்சையவுருமணிக்குள். மணத்தின் கதையும் இதே மாதிரிதான். மணப்பொருள்கள் வெல்லத்தோடு பிணைந்து, மணமே இல்லாமல் கலத்துக்குள் காத்திருக்கின்றன. அந்தப் பிணைப்பை அறுக்கும் பிரைமெவெரோசிடேசு என்ற நொதியம் கலச்சுவர்ப் பக்கம் இருக்கிறது. இலை உயிரோடு இருக்கும்வரை இவை ஒன்றையொன்று தொடுவதில்லை. ஸ்டோரில் வாட்டிய கொழுந்து ரோதையில் அகப்படும்போதுதான் மென்சவ்வுகள் உடைந்து, ஒட்சிசன் புகுந்து, தியாபிளேவின் உண்டாகி, செம்பு நிறமும் மணமும் எழுகின்றன. ரோதையின் தெய்வமான ரோதமுனிக்குப் படையல் வைத்த நம் முன்னோர் அந்த யந்திரத்துக்கு அஞ்சியதில் நியாயம் உண்டு. ஒரு நொடியில் கோடிக்கணக்கான சுவர்களை அது இடித்துப் போடுகிறது. அம்மாவின் சாக்கில் நடந்ததும் அதே காரியம்தான், வேளை தவறி நடந்தது.

இடிப்பதற்குச் சுவர் வேண்டும். உரிய பொருள் உரிய அறையில் முன்கூட்டியே போய்ச் சேர்ந்திருக்கவும் வேண்டும். என்னை வியக்கவைப்பது இந்தச் சேர்ப்பிக்கும் வேலைதான்.

கலச்சுவருக்குப் போகவேண்டிய நொதியம் அகமுதலுருச் சிறுவலையில் உருவாகிறது. அங்கே மென்சவ்வில் ஒரு சிறு கொப்புளம் புடைத்து, சரக்கை உள்ளே வாங்கிக்கொண்டு, புடகமாகக் கழன்று கொல்கிச் சிக்கலுக்குப் போகிறது. கொல்கியை நான் மாணவர்களுக்கு மடுவம் என்றே சொல்லிக்கொடுப்பேன். எல்லார் சுமையும் அங்கேதான் இறங்கும். தரம் பார்த்துப் பிரிப்பதும், எந்த லொறியில் ஏற்றுவது என்று தீர்மானிப்பதும் அங்கேதான். (பொலிபீனோல் ஒட்சிடேசு இந்த மடுவத்துக்கு வருவதில்லை. அது குழியவுருவில் உருவாகி, பச்சையவுருமணியின் சொந்த வாசல் வழியாக நேரே உள்ளே போகிறது.)

லொறி வழி தவறாமல் போவது ராப் என்ற சிறு புரதங்களால். ஜீ.ரி.பி. என்ற மூலக்கூறைப் பிடித்திருக்கும்போது ராப் விழித்திருக்கும், அது ஜீ.டி.பி. ஆனதும் உறங்கிவிடும். விழித்திருக்கும் ராப் புடகத்தின் மேல் அமர்ந்து, போய்ச் சேரவேண்டிய மென்சவ்வின் ஆட்களைத் தேடிப் பிடிக்கும். பிடித்தபின் ஸ்நேர் புரதங்களின் முறை. புடகத்திலிருந்து ஓர் இழை, எதிர் மென்சவ்விலிருந்து மூன்று, நான்கும் கயிறு திரிப்பதுபோல் முறுக்கிக்கொண்டு இரண்டு மென்சவ்வையும் நெருக்கி ஒன்றாக்கிவிடும். இந்த ஒழுங்கைத் துலக்கும் பணியை ரன்டி ஷெக்மன் 1970களின் கடைசியில் மதுவத்தின் விகாரிகளைக் கொண்டு தொடங்கினார். 2013இல் அவரும் ஜேம்ஸ் ரொத்மனும் தோமஸ் சுயுடோஃபும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். மதுவத்தில் ராப் புரதங்கள் 11தான். ஆய்வகங்களில் வளர்க்கும் கடுகுக் குடும்பத்துச் சிறு செடியான அராபிடொப்சிஸில் 57. நின்ற இடத்தைவிட்டு நகர முடியாத உயிருக்கு உள்ளே இத்தனை போக்குவரத்து!

கட்டெச்சினுக்கும் இந்தப் போக்குவரத்துக்கும் தொடர்பு உண்டா? கட்டெச்சின் பிளேவனொயிட்டுக் குடும்பத்தைச் சேர்ந்தது. கொல்கியில் இருக்கும் ஜீ.எஃப்.எஸ்.9 என்ற புரதம் பழுதானால், அராபிடொப்சிஸின் புன்வெற்றிடத்தில் பிளேவனொயிட்டுகள் சரியாகச் சேர்வதில்லை, விதையின் நிறமே வெளிறிவிடுகிறது என்று 2014இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். மடுவத்தில் ஓர் ஆள் குறைந்தால் களஞ்சியம் காலி.

இனிக் கச்சான் காற்று. தென்மேற்கிலிருந்து வரும் காற்று மலைக்கு அந்தப் பக்கத்திலேயே மழையைக் கொட்டிவிட்டு, யூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாவுக்கு வறண்டு வருகிறது. உலகம் தேடி வாங்கும் ஊவாத் தேயிலை அந்த மாதங்களில் எடுத்த கொழுந்து. அதன் தனி மணத்தில் முதலிடம் மீதைல் சலிசிலேற்றுக்கு. சுளுக்குத் தைலத்தை மோந்தவர்களுக்கு அந்த மணம் தெரியும். வறட்சியில் செடி முதலில் செய்வது இலைவாயை மூடுவது. அதற்கான கட்டளையைக் கொண்டுவருவது அப்சிசிக் அமிலம். 1999இல் புகையிலையில் ஒரு ஸ்நேர் புரதத்தைக் கண்டுபிடித்தார்கள். அதன் வேலையைத் தடுத்தால், அப்சிசிக் அமிலம் வந்தும் காவற்கலத்தின் அயன் வழிகள் செவிசாய்க்கவில்லை.

நான்கு வருடம் கழித்து, 2003இல், அராபிடொப்சிஸில் வேறொரு குழு வேறொரு கேள்வியோடு தேடியது: இலைக்குள் நுழையப் பார்க்கும் சாம்பல் நோய்ப் பங்கசை வாசலிலேயே நிறுத்துவது எது? அகப்பட்டது அந்தப் புகையிலைப் புரதத்தின் உடன்பிறப்பு. பங்கசு குத்தும் இடத்துக்குப் புடகங்களைத் திரட்டிச் சுவரைத் தடிக்கச் செய்யும் வேலையில் அதற்குப் பங்குண்டு.

இதை வாசித்த அன்று எனக்கு ஊவாவின் மடுல்சீமை நினைவுக்கு வந்தது. 1869இல் அங்கேதான் கோப்பித் துருநோயை இலங்கையில் முதலில் கண்டார்கள். பேராதனையிலிருந்து தாவரவியலாளர் துவைற்ஸ் அனுப்பிய இலையைப் பார்த்து, பங்கசு ஆய்வாளர் பேர்க்லி அந்தப் பங்கசுக்கு ஹெமிலேயா வாஸ்ராட்ரிக்ஸ் என்று பெயரிட்டார். அதன் வித்தி முளைத்து இலைவாய் வழியாக நுழையும். பிறகு கலச்சுவரைத் துளைத்து உறிஞ்சு உறுப்பொன்றை உள்ளே நீட்டும். மென்சவ்வைக் கிழிக்காது. மென்சவ்வு உள்வாங்கி அதைச் சுற்றிப் போர்த்திக்கொள்ளும். பகைவனுக்குப் போர்வை நெய்வதும் கலத்தின் மென்சவ்வுதான். இருபது வருடத்துக்குள் கோப்பி அழிந்தது. கோப்பிக்கென்று தமிழ்நாட்டிலிருந்து வந்த சனம் தேயிலைக்கு மாறியது. என் பாட்டனின் தகப்பனும் அதில் ஒருவர்.

காற்றுக்கும் பங்கசுக்கும் வாசலில் நிற்கும் அந்தப் புரதக் குடும்பம் தேயிலைச் செடியிலும் இருக்கிறது. கச்சான் வீசும் மாதத்தில் ஊவாக் கொழுந்துக்குள் அது என்ன செய்கிறது என்பதை ஊவாவிலேயே பார்க்கவேண்டும் என்பது என் ஆசை. பசறையில் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் கிளை இருக்கிறது. பதுளையில் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் இருப்பதும் பசறை வீதியில்தான். அந்த வீதியில் ஓடும் பஸ்ஸில் தினமும் ஏறி இறங்குகிறவர்கள் மடுவத்தில் கொழுந்து நிறுத்தவர்களின் பிள்ளைகள்.