குறுந்தொலைவும் கூரிய செவியும்

தம் கம்பியில்லாத் தந்திச் செய்திகளைப் பிறர் கேட்க இயலாதென மார்க்கோனி பறைசாற்றி வந்தார். 1902ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கார்ன்வால் கரையில் உயர்ந்த கம்பமொன்றை நாட்டி, மாஸ்கலைன் என்னும் செப்படி வித்தைக்காரர் அவற்றை எளிதில் கேட்டுவிட்டார்!

நாம் இன்று கையில் ஏந்தும் கைப்பேசியின் கதையும் இதுவே. 1994இல் சுவீடன் நாட்டு எரிக்சன் நிறுவனத்தார், கைப்பேசியையும் செவிக்கருவியையும் கம்பியின்றி இணைக்க முற்பட்டனர். பழைய டேனிய மன்னர் ஹரால்டின் பட்டப்பெயரால் அம்முறை பின்னர் 'புளூடூத்' எனப்பட்டது. (நீலப்பல் வேந்தர்! பொறியியலார்க்கும் நகைச்சுவை உண்டு போலும்.) சிறு கருவிகளில் அதன் அலை ஏறத்தாழப் பத்து மீட்டரே செல்லும், ஆதலின் அயலார்க்கு எட்டாது என நம்மில் பலர் துணிந்திருந்தோம். பத்து மீட்டர் என்பதோ பேசுவோன் குரலின் அளவு. கேட்போன் செவியின் அளவன்று. 2004இல் அமெரிக்காவின் சாண்டா மோனிக்காவில் ஆய்வாளர் சிலர், ஒரே திசையை நோக்கும் ஆண்டெனாவைக் கொண்டு, 1.78 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த சோதனைக் கைப்பேசியின் முகவரிப் பட்டியலைக் கவர்ந்து காட்டினர். அக்கருவியின் மென்பொருட் பிழையும் அவர்களுக்குத் துணைநின்றது.

பேச்சை மறைக்கும் இரகசியத் திறவுகோலும் தப்பவில்லை. இடைபுகுவோன் அதன் நீளத்தை ஒரே பைட்டாகச் சுருக்கச் செய்யலாம் என 2019இல் மெய்ப்பிக்கப்பட்டது. அப்போது முயல வேண்டியவை 256 திறவுகோல்களே. அதன் பின்னரே, ஏழு பைட்டுக்குக் குறையலாகாது என விதியைத் திருத்தினர்.