கடைசி முந்நூறு அடி

சென்ற ஆண்டு ஒரு மாலையில் என் பழைய மாணவி ஒருத்தி அழைத்தாள். முதுகலைத் தமிழ் முடித்தவள், மேலூர்ப் பக்கம் ஒரு சிற்றூரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். சென்னை நிறுவனம் ஒன்றில் காணொளிகளுக்குத் தமிழ் வசன வரிகள் எழுதும் வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. வீட்டிலிருந்தே செய்யலாம். ஒரே நிபந்தனை, வீட்டில் தடையில்லாத இணையம் வேண்டும். "அம்மா, பஞ்சாயத்து ஆபீஸ் வரைக்கும் ஃபைபர் வந்துருச்சு. எங்க வீட்டுக்கும் அதுக்கும் முந்நூறு அடிகூட இருக்காது. ஆனா எங்க காலனிக்கு இழுக்க மாட்டேங்கிறாங்க" என்றாள்.

அந்த முந்நூறு அடியைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. தொலைத்தொடர்பின் வரலாற்றை, கம்பி எந்த ஆண்டு எந்த ஊருக்கு வந்தது என்றே நாம் படிக்கிறோம். வந்த கம்பி யார் வாசலில் நின்றது என்று கேட்டால்தான் அதில் பெண்கள் தென்படுகிறார்கள்.

சென்னையில் தொலைபேசி இணைப்பகம் திறக்கப்பட்டது 1882இல். பெரும்பாலான கிராமங்கள் அதற்கு நூறாண்டுக்கு மேல் காத்திருந்தன. 1984இல் தொடங்கப்பட்ட சி-டாட் நிறுவனம், குளிரூட்டி இல்லாமலே வெயிலையும் தூசியையும் தாங்கும் சிறிய கிராம இணைப்பகத்தை வடிவமைத்தது. முதலாவது 1986இல் கர்நாடகத்தின் கித்தூரில் இயங்கத் தொடங்கியது. அதன் பிறகே கடைத்தெருக்களில் எஸ்.டி.டி. பூத்துகள் பெருகின. எங்கள் ஊர் பூத் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இரவு ஏற ஏறக் கட்டணம் குறையும். அந்த நேரத்தில் வரிசையில் நின்றவர்கள் ஆண்கள். இருட்டிய பிறகு கடைத்தெருவுக்குப் போக முடியாத பெண்கள், பகலில் முழுக் கட்டணம் கொடுத்து, பின்னால் நிற்பவர் காதில் விழாதபடி பேசிவிட்டு வந்தார்கள். கருவி ஒன்றுதான். ஆனால் பெண்ணுக்கு அது விலை கூடியதாக இருந்தது.

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியபோது அது சென்னை போன்ற பெருநகரங்களுக்கானது. ஊர்ப்புறத்துக்கு அதைக் கொண்டுசென்ற முன்னோடி முயற்சிகளில் ஒன்று நம் பக்கத்தில் நடந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் புதுச்சேரிக் கிராமங்களில் அறிவு மையங்களை அமைத்தது. வில்லியனூரிலிருந்து கம்பியில்லா முறையில் தகவல் போகும். வீராம்பட்டினத்தில் கடல் அலையின் உயரம் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. எம்பலத்தில் மையம் அமைந்த இடம் கோயில். தலித் மக்களும் மாதவிடாய்க் காலப் பெண்களும் நுழையக் கூடாது என்று வைத்திருந்த கோயிலின் இன்னொரு கதவு எல்லோருக்கும் திறந்தது. அங்கே கணினியை இயக்கியதும் பெண்கள்தாம். எல்லாச் சாதியினரும் வரலாம் என்பதை முன்நிபந்தனையாக வைத்ததால்தான் இது நடந்தது. தொழில்நுட்பம் தானாக அந்தக் கதவைத் திறந்துவிடவில்லை.

2001இல் மேலூர் வட்டாரத்துக்கே ஒரு திட்டம் வந்தது. சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய கார்-டெக்ட் என்னும் கம்பியில்லாத் தொழில்நுட்பத்தில், ஊருக்கு ஊர் சிறிய இணைய மையங்கள் தொடங்கப்பட்டன. அவற்றை ஆராய்ந்தவர்கள், வந்தவர்களில் இளைஞர்களும் ஆண்களும் படித்தவர்களுமே மிகுதி என்று பதிவு செய்தார்கள். மையம் தலித் குடியிருப்பை ஒட்டி இருந்தால் தலித் மக்களும் வந்தார்கள். பல மையங்கள் சில ஆண்டுகளில் மூடப்பட்டன. என் மாணவி பிறந்ததும் ஏறத்தாழ அந்தக் காலத்தில்தான்.

2011இல் ஒன்றிய அரசு இரண்டரை லட்சம் ஊராட்சிகளை ஒளியிழைக் கம்பியால் இணைக்கும் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. அதுதான் பின்னாளில் பாரத்நெட் ஆனது. கோடிக்கணக்கான ரூபாய் செலவில் மண்ணுக்கடியிலும் கம்பங்கள் மேலும் போகும் அந்தக் கம்பியின் இலக்கு ஊராட்சி அலுவலகம். அதற்கு அப்பால் யார் வீட்டுக்குப் போகும் என்பதை இணைப்புத் தருபவரின் லாபக் கணக்கு முடிவு செய்கிறது.

"போன்லயே நெட் இருக்கே, தனியா எதுக்கு?" என்று அவளுடைய அத்தை கேட்டிருக்கிறார். அந்த வீட்டில் நல்ல போன் ஒன்றுதான். அது காலையில் கணவனோடு வேலைக்குப் போய்விடும். மாலையில் திரும்பி வரும்போது ஊரே ஒரே கோபுரத்தைப் பங்கிட்டுக்கொள்வதால் வேகம் விழுந்துவிடும். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் ஒருமுறையேனும் இணையத்தைப் பயன்படுத்திய ஆண்கள் 57.1 விழுக்காடு, பெண்கள் 33.3 விழுக்காடு. ஊர்ப்புறப் பெண்களை மட்டும் எடுத்தால் 24.6. கோபுரம் இருப்பதும் பெண் கையில் இணையம் இருப்பதும் ஒன்றல்ல என்பதை இந்த எண்கள் சொல்கின்றன.

கேரளத்தில் மாலையில் கைப்பேசியை ஒப்படைக்க மறுத்ததற்காக விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட ஃபஹீமா ஷிரின் நீதிமன்றம் போனார். 2019 செப்டம்பரில் நீதிபதி பி.வி. ஆஷா, இணையத்தை அணுகுவது கல்வி உரிமையோடும் அந்தரங்க உரிமையோடும் சேர்ந்தது என்று தீர்ப்பளித்தார். அதை ஓர் இளம்பெண் கேட்டுப் பெற வேண்டியிருந்தது.

என் மாணவியும் கேட்டாள். காலனிக்குள் ஒரே ஒரு இணைப்புக்காகக் கம்பம் நட்டுக் கம்பி இழுத்தால் கட்டாது என்றார் உள்ளூர் கேபிள்காரர். எத்தனை வீடு சேர்ந்தால் கட்டும் என்று கேட்டிருக்கிறாள். நான்கு என்றார். தன் மகளிர் குழுவில் பேசினாள். நர்சிங் படிக்கும் மகளுக்காக ஒருவர், தையல் ஆர்டர்களுக்காக ஒருவர், சிங்கப்பூரிலிருக்கும் கணவனோடு பேச ஒருவர் என மூன்று வீடுகள் சேர்ந்தன. ஒரு மாதத்தில் கம்பி வந்தது. மின்வெட்டில் மோடம் அணையாமலிருக்கச் சின்ன பேட்டரி ஒன்றும் வாங்கிக்கொண்டாள். கம்பி அறுந்தால் சமாளிக்க, தன் பெயரில் வேறொரு நிறுவனத்தின் சிம் எடுத்தாள்.

மகிழ்ச்சிதான். ஆனாலும் ஒரு கணக்கு எனக்கு உறுத்துகிறது. வீட்டிலிருந்து வேலை என்பது 2020இல் பிறந்ததல்ல. திருநெல்வேலிப் பக்கம் பீடி சுற்றிய பெண்களும் சிவகாசி, சாத்தூர்ப் பக்கம் தீப்பெட்டி ஒட்டிய பெண்களும் தலைமுறைகளாக அதைச் செய்தவர்கள். வீடும் விளக்கும் திண்ணையும் அவர்களுடையவை, லாபம் முதலாளியுடையது. வீட்டுவழித் தொழிலாளர்களுக்கான பன்னாட்டு உடன்படிக்கை 1996இல் ஏற்கப்பட்டும் இந்தியா இன்னும் அதை உறுதிசெய்யவில்லை. இன்று மாதக் கட்டணமும் பேட்டரியும் இரண்டாவது சிம்மும் என் மாணவியின் செலவு. இணையம் நின்றால் போவதும் அவள் கூலிதான்.

"நெட் பில்லை கம்பெனியிடம் கேட்டாயா?" என்று போன வாரம் கேட்டேன்.

"இதுவரைக்கும் தோணல அம்மா. இந்த மாசம் கேட்கிறேன்" என்றாள்.