பொலிசையும் கணக்கும்: சோழர் கால ஊரவைகளின் பொருளாட்சி



உத்திரமேரூர் என்றதும் நம் நினைவுக்கு வருவது குடவோலை. தகுதியுடையோர் பெயர்களை ஓலை நறுக்குகளில் எழுதிக் குடத்தில் இடுவர். உள்ளே இருப்பது இன்னதென அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுப்பான். இக்காட்சியை நாம் வகுப்பறையில் பலமுறை விளக்கியிருக்கிறோம். மாணவர்களும் குடத்தை அழகாக வரைந்து வந்திருக்கிறார்கள். ஆயினும் அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டோர் அடுத்த 360 நாள் என்ன செய்தார்கள் என்னும் கேள்வியை நாம் போதிய அளவு எழுப்பியதில்லை. குடவோலை ஒரு வழிமுறையே. ஊரின் நீரையும் நிலத்தையும் பொன்னையும் யார் கையில் ஒப்படைப்பது என்பதே அதன் பின்னிருந்த சிக்கல். இன்றைய உரையில் அதனையே ஆராய முற்படுகிறோம்.

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. அவற்றின் காலம் கி.பி. 919, 921. ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. குடும்புக்கு ஒருவராகத் தேர்ந்த முப்பதின்மரில் பன்னிருவர் சம்வத்சர வாரியம் ஆயினர். பன்னிருவர் தோட்ட வாரியம், அறுவர் ஏரி வாரியம் ஆயினர். பஞ்சவார வாரியம், பொன் வாரியம் என்பனவும் இருந்தன. இப்பெயர்களையே ஒரு பொருளாதாரப் பட்டியலாகப் படிக்கலாம். ஏரி இன்றேல் விளைச்சல் இல்லை. விளைச்சல் இன்றேல் இறை இல்லை. மாற்றுக் குறைந்த பொன் புழங்கினால் கொடுப்போர்க்கும் கொள்வோர்க்கும் நம்பிக்கை இல்லை.

'இறை' என்னும் சொல்லையும் இங்கே நோக்க வேண்டும். இறுத்தல் என்றால் செலுத்துதல், செலுத்தப்படுவது இறை. இறை செலுத்தும் நிலம் உடையவரே வாரியத்திற்குத் தகுதியுடையவர் எனக் கல்வெட்டு விதித்தது. ஊரின் பொருளைக் கையாள்பவர் அவ்வூருக்குத் தாமும் பொருள் இறுப்பவராக இருக்க வேண்டும் என்பது அதன் கருத்து.

அவைக்குப் பொருள் வந்த வழிகள் யாவை? நிலத்தின் மீதான கடமைகள் ஒருபுறம். ஏரியைக் காப்பதற்கென்றே தண்டப்பட்ட 'ஏரி ஆயம்' ஒருபுறம். மற்றொரு வழி அறக்கொடை. கொடையாளர் அவையிடம் பொன்னை ஒப்படைப்பார். அந்த முதலைச் செலவிடாமல் அதன் வட்டியைக் கொண்டு, கதிரவனும் திங்களும் உள்ளளவும், கோயில் விளக்கெரித்தல், ஏரியில் தூர் வாருதல் போன்ற பணிகளை அவை நடத்தி வரும். அந்த வட்டிக்குக் கல்வெட்டுகளில் 'பொலிசை' என்று பெயர். மொழியியலார் என்ற முறையில் நம்மை மகிழ்விக்கும் சொல் இது. பொலிதல் என்றால் பெருகுதல். களத்தில் நெல்லைத் தூற்றும் உழவர் "பொலி, பொலி" என்று வாழ்த்திக் கூவுவதும் இச்சொல்லே. வட்டி என்பது களத்து நெல்லைப் போல வளரும் பொருள் என நம் முன்னோர் கண்டனர்.

பொலிசையின் அளவையும் அறிகிறோம். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசனின் தமக்கை குந்தவை உள்ளிட்டோர் அளித்த காசுகள், காவிரி நாட்டு ஊரவைகளுக்குக் கடனாகத் தரப்பட்டன. ஆண்டுக்கு ஒரு காசுக்கு அரைக்கால் காசு பொலிசை. அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. கோயில் கடன் கொடுத்தது. ஊரவை கடன் பெற்றது. அரைக்கால் பங்கை ஆண்டுதோறும் தவறாமல் கட்ட வேண்டுமாயின், பெற்ற காசு அதனினும் மிகுதியாக விளைந்தாக வேண்டும். ஆகவே, கடன் பெறும் அவைக்குப் பொருளை ஈட்டும் திறனும் கணக்கைக் காக்கும் ஒழுங்கும் இன்றியமையாதன ஆயின.

இவ்விடத்தில்தான் உத்திரமேரூர்க் கல்வெட்டின் உயிர்நிலையைக் காண்கிறோம். முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாது இருந்தவர் மீண்டும் குடவோலைக்கு உரியவர் அல்லர். அவர் மட்டுமா? அவருடைய சிற்றவை, பேரவை மக்களும், அத்தை மக்களும், மாமன் மக்களும், உடன்பிறந்தாரும், மகனும் உரியவர் அல்லர். இங்கே பேரவை என்பது பெரியம்மா. சிற்றவை என்பது சின்னம்மா. ஒருவர் கணக்கை மறைத்தால் சுற்றம் முழுவதும் தகுதி இழந்தது. ஏன் இத்துணைக் கடுமை? பொதுப்பொருள் உறவின் வழியே கசியும் என்பதை அவர்கள் பட்டறிந்திருக்க வேண்டும் எனக் கருதுகிறோம். 919இல் 30 முதல் 60 வரை என வகுத்த வயது வரம்பை 921இல் 35 முதல் 70 வரை என மாற்றினர். இரண்டே ஆண்டில் விதிகளைத் திருத்திக்கொண்ட அவை அது.

இதனைப் பொற்காலம் எனப் போற்றி நிறுத்திவிடுவது மாணவர்களுக்கு நாம் செய்யும் நன்மை ஆகாது. உத்திரமேரூர் ஒரு பிரமதேயம். அதன் சபை நிலமும் வேதக் கல்வியும் உடைய பிராமணரின் சபை. பெண்டிர்க்கும், அந்நிலத்தில் உழைத்தோர்க்கும் ஓலை இல்லை. 919, 921ஆம் ஆண்டு முடிவுகளும் அரசாணையின்படி, அரச அலுவலர் உடனிருக்க எடுக்கப்பட்டவை. இறை தண்டுவதில் அவைக்குக் கடுமையான முகமும் உண்டு. தொடர்ந்து இறை கட்டாதவரின் நிலத்தை ஊரார் விற்கலாம் என்பதை இராசராசன் காலத்து உக்கல் கல்வெட்டு காட்டுகிறது.

இந்த அவை மரபு கடல் கடந்து நம் பகுதிக்கும் வந்தது. தீபகற்பத்தின் மேற்குக் கரையில், இன்றைய தாய்லாந்திலுள்ள தக்குவாப்பாவில், ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. அது கூறுவது ஒரு குளத்தைப் பற்றி. அவனிநாரணம் எனப் பெயரிட்ட அக்குளத்தை மணிக்கிராமத்தார் முதலிய குழுவினரின் காவலில் ஒப்படைத்தனர். வணிகம் செய்ய வந்த இடத்திலும் நீர்நிலையை ஒரு குழுவின் பொறுப்பில் வைத்தனர் என்பது எண்ணத்தக்கது. சுமத்திராவின் பாருசுக்கு அருகே லோபு துவாவில் கிடைத்த 1088ஆம் ஆண்டுக் கல்வெட்டு, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் எடுத்த முடிவைப் பதிவு செய்கிறது. மரக்கலத் தலைவரும் பிறரும் கத்தூரி விலையை அளவாகக் கொண்டு பொன்னாக ஆயம் செலுத்திய பின்னரே உள்ளே வரலாம். ஊரவை வேறு, வணிகர் அவை வேறு எனினும், கூடி முடிவெடுத்தல், ஆயம் வகுத்தல், அதனைக் கல்லில் வெட்டி ஊரறியச் செய்தல் ஆகிய மூன்றும் இரண்டிற்கும் பொது.

பத்தாம் நூற்றாண்டில் ஏரியைக் காத்த 'வாரியம்' இன்று மலேசியத் தமிழில் ஊழியர் சேமநிதி வாரியமாக நம்மிடையே வாழ்கிறது. பலருடைய பொருளைச் சிலர் பொறுப்பேற்றுக் காத்தல் என்னும் பொருள் அச்சொல்லில் மாறவில்லை. நம் நகராண்மைக் கழகங்களும் மாவட்ட மன்றங்களும் நாம் செலுத்தும் மதிப்பீட்டு வரியைக் கொண்டே வடிகால் அமைக்கின்றன; குப்பை அகற்றுகின்றன; சந்தைக்கு இடம் தருகின்றன. சிறு வணிகர் கடை திறப்பதும் திறவாததும் இவற்றைப் பொறுத்தது. இந்நாட்டில் உள்ளூராட்சித் தேர்தல்கள் 1965இல் நிறுத்தப்பட்டன. 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உறுப்பினர்களை மாநில அரசுகளே நியமிக்கின்றன. குடவோலை இல்லாத இந்நிலையில், குடிமக்கள் கையில் எஞ்சியிருப்பது கணக்கைக் கேட்டுப் படிக்கும் உரிமையும் பழக்கமுமே.

ஆகவே ஆசிரியர்களிடம் ஒன்று வேண்டுகிறோம். அடுத்த முறை உத்திரமேரூரைக் கற்பிக்கும்போது குடத்தை வரையச் சொல்லுங்கள். அதனோடு, வீட்டுக்கு வந்த மதிப்பீட்டு வரிச் சீட்டு ஒன்றையும் வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். இந்தப் பணம் எங்கே செல்கிறது, யார் செலவிடுகிறார், யாரிடம் கணக்குக் காட்டுகிறார் என்று மாணவர்கள் கேட்கட்டும். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊரார் கல்லில் வெட்டி வைத்த கேள்வி அதுவே.