காய்வள்ளி

காய்வள்ளி (டயாஸ்கோரியா பல்பிஃபெரா) என்பது டயாஸ்கோரியேசி குடும்பத்தைச் சேர்ந்த சுற்றுக்கொடி. ஆப்பிரிக்கா, ஆசியா, வட ஆஸ்திரேலியா ஆகிய நிலப்பகுதிகளுக்கு உரியது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் தானே முளைத்துப் படர்கிறது. மழைக்காலத்தில் தழைத்து, கோடையில் கொடி காய்ந்துவிடும். மண்ணுக்குள் கிழங்கு உறங்கியிருக்கும்.

வகைப்பாடு

இக்கொடியின் சிறப்பு, இலைக்கக்கங்களில் உருளைக்கிழங்குபோலத் தொங்கும் குமிழ்க்கிழங்குகள். உதிர்ந்த இடத்தில் அவை புதுக்கொடியாக முளைக்கும். இலைகள் இதய வடிவில் மாற்றடுக்காக அமைந்தவை. ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனிக் கொடிகளில் பூக்கும். கனி மூன்று சிறகுடையது. மலபார்த் தாவரங்களைப் பற்றிய 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' (1678–1693) இதைக் காட்டுக் காச்சில் என்ற பெயரில் படத்துடன் பதிவு செய்தது. லின்னேயஸ் 1753இல் இன்றைய அறிவியற்பெயரை இட்டார். கொடி சுற்றும் திசையும் இப்பேரினத்தின் வகைப்பாட்டுக்கு உதவுகிறது: காய்வள்ளி இடப்பக்கமாகவும், தோட்டங்களில் பயிராகும் பெருவள்ளி வலப்பக்கமாகவும் சுற்றும்.

பழைய இலக்கியத்தில்

மூவேந்தர் முற்றிய பறம்பு மலையில் உழவர் உழாமலே கிடைக்கும் விளைபொருள் நான்கு என்கிறார் கபிலர் (புறநானூறு 109). மூங்கில்நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன் என்பன அவை. இந்த வள்ளி, காய்வள்ளியின் பேரினத்தைச் சேர்ந்த காட்டுக்கொடியே. சர்க்கரைவள்ளியோ அமெரிக்காவில் தோன்றி ஐரோப்பியர் வழியாகப் பின்னாளில் வந்த வேறு குடும்பத்துப் பயிர். வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் கிடைத்த குழந்தையே முருகனின் வள்ளி என்று கந்தபுராணம் கூறுகிறது. 

பக்குவம்

காட்டு வகையின் கிழங்கு பச்சையாகத் தின்னத் தகாதது. டயாஸ்புல்பின் என்னும் கசப்புப் பொருள்கள் ஈரலைத் தாக்கும். வெறுமனே வேகவைத்தால் மட்டும் போதாது. தோல் சீவி, மெல்லிய வில்லைகளாக அரிந்து, சாம்பல் கரைத்த நீரில் வேகவைத்து, கூடையில் இட்டு ஓடும் நீரில் இரவு முழுவதும் ஊறவிடுவது மலைமக்களின் முறை. பின்னரும் கசந்தால் மீண்டும் அலசுவார்கள். வட ஆஸ்திரேலியப் பழங்குடியினர் கிழங்கைத் துருவி நீரில் அலசி நஞ்சு நீக்குகின்றனர். ஆய்வுக்கூடம் இல்லாமல், நாவையும் நீரோட்டத்தையும் கொண்டே நச்சுக்கிழங்கை உணவாக்கிய இந்த அறிவு, மனிதகுலத்தின் பெருஞ்செல்வங்களுள் ஒன்று.

இன்றைய நிலை

நியாயவிலைக் கடை அரிசி வந்தபின் மலைக்குடிகளின் அன்றாட உணவில் காட்டுக்கிழங்கின் பங்கு குறைந்துள்ளது. 1905இல் கொண்டுசெல்லப்பட்ட அமெரிக்காவின் புளோரிடாவிலோ காய்வள்ளி மரங்களை மூடிப் படரும் களைச்செடியாகிவிட்டது.