பிள்ளைத்தமிழிற் குழவி வளர்ப்பு நெறி

பிள்ளைத்தமிழைப் புலவரது கற்பனை நலம் காட்டும் புகழ்நூலாக மட்டும் கொள்வது பெருவழக்கு. அதன் பருவ வைப்பினுள், தமிழ்த் தாயர் குழவியின் உள்ளத்தையும் உறவுணர்வையும் வளர்த்த முறை பொதிந்து கிடத்தலை ஈண்டு ஆராய்வாம்.

பெரியாழ்வார் தாய்நிலையில் நின்று கண்ணனைப் பாடிய பதிகங்களிலேயே தாலாட்டு, அம்புலி, செங்கீரை, சப்பாணி என்பன இடம்பெற்றன. 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்கன்மீது பாடிய நூலில் அவை தனி இலக்கிய வகையாக உருப்பெற்றன. 3ஆம் திங்கள் முதல் 21ஆம் திங்கள் ஈறாக, ஒற்றைப்பட்ட திங்கள்தோறும் ஒரு பருவமாகப் பத்தும் வகுத்துரைக்கும் மரபும் பாட்டியலார்பால் உண்டு.

இவ்வைப்பு முறையைக் கூர்ந்து நோக்குவோம். காப்பில் குழவி யாதும் செய்வதில்லை. அதனைக் காக்குமாறு பிறர் தெய்வங்களை வேண்டுகின்றனர். சப்பாணியில் கைகொட்டவும், முத்தத்தில் முத்தம் தரவும், வருகையில் தளர்நடையிட்டு வரவும் குழவியே வேண்டப்படுகின்றது. பெறுவதற்கே உரியதாயிருந்த குழவி, கொடுப்பதற்கும் உரியதாகின்றது. அம்புலியில் தாய் நிலவைச் சுட்டிக்காட்டிக் குழவியுடன் விளையாட வருமாறு அதனை அழைக்கின்றாள். ஒரு பொருளைத் தாயும் சேயும் ஒருங்கு நோக்கும் இச்செயலைப் பேச்சுக்கும் உறவுக்கும் அடிப்படை என இக்காலக் குழந்தை உளவியலார் கொள்வர்.

ஆண்பாற் பிள்ளைத்தமிழின் சிற்றிற் பருவம் இவற்றினும் நுட்பமானது. சிறுமியர் மணலில் இழைத்த சிற்றிலைச் சிதையாதிருக்குமாறு குழவியை இரக்கின்றனர். முதற்பருவத்தில் எக்குழவியைக் காக்குமாறு வேண்டினரோ, அக்குழவியிடமே காவல் வேண்டப்படுகின்றது. பிறர்க்கும் உழைப்பும் விருப்பும் வருத்தமும் உண்டு என்பது ஈண்டு அதற்கு உணர்த்தப்படுகின்றது. இவ்வுணர்த்தலில் அடித்தலும் அச்சுறுத்தலும் இல்லை. தம் துன்பத்தைச் சொல்லி வேண்டுதலே உண்டு.

இறைவனையும் அரசனையும் குழவியாக்கிப் பாடிய நூல்களாதலின், பணிவுச் சொற்கள் பல வழிபாடு பற்றி வந்தன என்பாரும் உளர். அது பொருந்துவதே. பெண்பாற்கு இறுதி மூன்று பருவங்களும் அம்மானை, நீராடல், ஊசல் என வேறுபடுதலின், சிற்றில் காட்டும் பயிற்சி இருபாற்கும் ஒத்ததன்று என்பதும் மறைத்தற்குரியதன்று. எனினும், பாடல்களின் அமைப்பு இல்லத்தினின்றே எடுக்கப்பட்டது. அழைத்தல், விடைக்குக் காத்திருத்தல், வேண்டுதல் என்னும் மூன்றும் இரண்டாண்டு நிரம்பாத குழவிக்குப் பெற்றோர் இன்றும் செய்யத்தக்கன. இலக்கிய வரலாறு எழுதுவோர் இவற்றைத் தமிழர் இல்வாழ்க்கை வரலாற்றிற்குரிய சான்றாகவும் கொள்ளல் வேண்டும்.